முறுக்கு ஆபீசுக்கு வரும் நாட்கள்

செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் காலை ஒன்பதேகால் மணிக்கு நான் ஸ்கூட்டியை வெளியே எடுத்ததும் என் நாய் முறுக்கு ஓடிவந்து முன்னால் கால் வைக்கும் இடத்தில் ஏறிக்கொள்வாள். உட்கார மாட்டாள். நான்கு காலையும் ஊன்றி நின்றபடியேதான் வருவாள். சாலிகிராமத்தில் கிளம்பி ஆற்காடு சாலையில் ஊர்ந்து ஊர்ந்து வந்தால் கோடம்பாக்கம் பாலத்தில்தான் கொஞ்சம் காற்று கிடைக்கும். அப்போது அவள் காது இரண்டும் பின்னுக்குப் படிந்துவிடும், மூக்கு மட்டும் துடித்துக்கொண்டிருக்கும். பாலம் இறங்கி நுங்கம்பாக்கத்துக்குள் நுழைந்தால் எங்கள் ஆபீஸ். முதல் மாடி. புத்தகங்களுக்கு லேஅவுட் செய்து அச்சுக்குக் கொடுக்கும் வேலை. என்னையும் சேர்த்து 11 பேர்.

படி ஏறுவதற்கு முன்னால் அவள் கழுத்துப் பட்டையில் ஒரு மணியை மாட்டுவேன். அந்த மணியைப் பற்றிச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் வேறு சிலதையும் சொல்லியாக வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். தண்ணீர் வடிந்த அன்று மாடிப்படியின் மூன்றாவது படியில் ஒரு குட்டி சுருண்டு கிடந்தது. இரண்டு மாதம் இருக்கும். தாயைத் தேடினோம், கிடைக்கவில்லை. துவட்டி, அடுப்பு பக்கத்தில் ஒரு பழைய புடவையில் போட்டு வைத்தாள் அம்மா. சாயங்காலம் எழுந்து நின்றபோது வால் அப்படியே முறுக்குப் பிழிந்த மாதிரி சுருண்டிருந்தது. பெயர் அப்போதே வந்துவிட்டது.

ஒன்றரை வருஷம் அம்மாவும் அவளும் ஒருவருக்கொருவர் துணை. அப்புறம் அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன் ஆகி, மாடி ஏறி இறங்க முடியாமல் திருச்சியில் அண்ணன் வீட்டுக்குப் போனாள். முறுக்கு ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் தனியாக. முதல் வாரத்திலேயே கீழ் வீட்டுக்காரர் வந்து சொன்னார்: "ஊளை விடுதும்மா. கேக்கவே கஷ்டமா இருக்கு." திட்டக்கூட இல்லை அவர். கதவின் கீழ்ப்பக்கம் ஒரு ஜாண் உயரத்துக்குப் பெயின்ட்டே இல்லாமல் போயிருந்தது. அவள் முன்காலைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு நகம் பிளந்து ரத்தம் உறைந்திருந்தது.

சரி, ஆபீசில் கேட்டுப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன்.

கேட்பதற்கு எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. இதற்கு முன் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு பெரிய கம்பெனியில் வேலை பார்த்தேன். அங்கே வருஷத்துக்கு ஒருமுறை செல்லப்பிராணி தினம் கொண்டாடுவார்கள். இருபது நாய் வரும். மைக் செட், பலூன், போட்டோ எடுக்க ஒரு வளைவு. நாய்களுக்குச் சட்டை, சிலதுக்குக் கண்ணாடிகூட. நான் கடைசியாகப் பார்த்த வருஷம் ஒரு லாப்ரடார் மேடைக்குக் கீழே போய்ப் பதுங்கிக்கொண்டு, நாக்கை ஒரு முழம் தொங்கப்போட்டு இரைத்துக்கொண்டிருந்தது. அதைப் போட்டோவுக்காக வெளியே இழுத்தார்கள். பக்கத்தில் குப்பைப் பை மாற்றிக்கொண்டிருந்த ஹவுஸ்கீப்பிங் பையனின் முன்கையை அது கவ்விவிட்டது. பையனை ஆட்டோவில் அனுப்பினார்கள். கடித்த நாய்க்கு ஊசி போட்டிருக்கிறதா என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. மறுநாள் கம்பெனியின் இணையப் பக்கத்தில் எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கும் போட்டோ வந்தது. அந்தப் பையனின் பெயரைக்கூட நான் கேட்டுவைக்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

அதனால் எங்கள் முதலாளியிடம் போய் நின்றபோது, வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடலாம் என்ற நினைப்பில்தான் நின்றேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு ஆட்சேபணை இல்லம்மா. ஆனா நான் சரின்னு சொல்றது கணக்குல வராது. இங்க நாயைக் கண்டா யாருக்குப் பயமோ அவங்க சொல்லட்டும். ஓட்டெல்லாம் எடுக்காதே. பத்துப் பேரு சரின்னு கை தூக்கினா பதினோராவது ஆளு எப்படி வேணாம்னு சொல்வான்?"

நான் அதுவரை ஓட்டெடுக்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

அன்று இரவு உட்கார்ந்து மற்ற ஊர்களில் என்ன செய்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். அமேசான் கம்பெனி ஆரம்பித்த புதிதில் ரூஃபஸ் என்ற கோர்கி நாய் தினமும் ஆபீசுக்கு வந்திருக்கிறது, அங்கே வேலை பார்த்த ஒரு தம்பதியின் நாய். இன்று சியாட்டிலில் அவர்கள் கட்டிடம் ஒன்றின் 17-ஆவது மாடியில் நாய்கள் ஓடியாடுவதற்கென்றே இடம் விட்டிருக்கிறார்கள். அது பெரிய இடத்து விஷயம், எங்கள் 900 சதுர அடிக்கு ஒத்துவராது.

எனக்குப் பயன்பட்டது அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தின் கிரீன்ஸ்பரோ ஊரில் நடந்த ஓர் ஆய்வு. ரீப்ளேஸ்மென்ட்ஸ் என்ற கம்பெனி. பீங்கான் தட்டு, கண்ணாடிக் கோப்பை, வெள்ளிக் கரண்டி விற்பவர்கள். உடையக்கூடிய சாமான் நடுவே தினமும் இருபது முப்பது நாய்! வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகத்தார் அங்கே போய், நாயோடு வந்தவர்கள், நாய் இருந்தும் வீட்டில் விட்டு வந்தவர்கள், நாயே இல்லாதவர்கள் என்று மூன்று குழுவாகப் பிரித்துப் பார்த்து 2012-இல் வெளியிட்டார்கள். எச்சிலை எடுத்து, மன இறுக்கத்தின்போது சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனின் அளவு பார்த்ததில் குழுக்களுக்குள் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. ஆனால் மனசு எப்படி இருக்கிறது என்று அவர்களையே கேட்டதில் வித்தியாசம் தெரிந்தது. நாய் கூட வந்த நாளில் பொழுது போகப் போக இறுக்கம் குறைந்திருக்கிறது. அதே ஆள் நாயை வீட்டில் விட்டு வந்த நாளில் சாயங்காலத்துக்குள் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. பிளந்த நகத்தைப் பார்த்த எனக்கு அது நன்றாகவே புரிந்தது. ஆனால் ஒரு நெருடல். அந்த ஆபீசில் நாய்கள் பல காலமாக வந்துபோகிறவை. நாய்க்கு நடுங்குகிற ஒருவர் அங்கே வேலைக்கே சேர்ந்திருக்க மாட்டார். அவரிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பதற்கு அந்த அட்டவணையில் இடமில்லை.

நம் நாட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்தது மும்பையில் டாடா குழுமத்தின் தலைமை அலுவலகமான பாம்பே ஹவுஸ். 2018-இல் கட்டிடத்தைப் புதுப்பித்துத் திறந்தபோது தரைத்தளத்திலேயே தெருநாய்களுக்கென்று ஓர் அறை கட்டியிருந்தார்கள். எந்த அதிகாரியின் நாயும் இல்லை, வாசலில் கிடந்த நாய்கள்தான். ரத்தன் டாடாவுக்கு நாய்கள் மேல் இருந்த பிரியம் ஊருக்கே தெரியும். ஆனால் நான் கவனித்தது அந்த அறையை. நாய்க்கு அதன் இடம், மனுஷருக்கு அவர் இடம். யார் காலையும் யாரும் மிதிக்க வேண்டியதில்லை.

மறுநாள் முதலில் கணக்கு அக்காவிடம் போனேன். எங்கள் ஆபீசில் ஜிஎஸ்டியிலிருந்து டீக்காசு வரை எல்லாம் அவர் கையில். விழுப்புரம் பக்கம் ஒரு கிராமத்துக்காரர். தெருவில் நாய் படுத்திருந்தால் எதிர்ச்சாரிக்குப் போய், அதைத் தாண்டி, திரும்ப இந்தப் பக்கம் வருவார். எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஏன் என்று நான் கேட்டதில்லை.

"எட்டு, ஒம்போது வயசு இருக்கும். எம்பத்தாறுல" என்று ஆரம்பித்தார். "களத்துல நெல்லு காயப் போட்டிருந்தோம். பின்னாடியே வந்துச்சு, சத்தமே இல்ல. கெண்டைக்கால புடிச்சிருச்சு. அப்பா தெனம் பஸ்ல ஜில்லா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாரு. தொப்புளச் சுத்திப் பதினாலு ஊசி. நாலாவது நாளே வயிறு கல்லு மாதிரி ஆயிடுச்சு. ரெண்டு பேரு புடிச்சுக்குவாங்க."

அவர் சொன்னது ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய தடுப்பூசி. கசௌலியில் டேவிட் செம்பிள் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1911-இல் கண்டுபிடித்தது. வெறிநோய்க் கிருமியை ஆட்டின் மூளையில் வளர்த்து, பீனாலால் கொன்று, அந்தக் கரைசலை மனுஷர் வயிற்றில் ஏற்றுவார்கள். சிலருக்கு அந்த ஊசியாலேயே நரம்பு பாதித்துக் கை கால் விளங்காமல் போனதும் உண்டு. இந்தியாவில் அதை நிறுத்தியது 2004-இல்தான். இன்று புஜத்தில் போடுகிறார்கள். அரசு மருத்துவமனையில் தோலில் போடும் முறைக்கு நாலு தடவை போய் வந்தால் முடிந்தது. என் வயதுக்காரர்களுக்கு 'தொப்புளைச் சுத்தி ஊசி' என்பது சொல்லிப் பயமுறுத்துகிற பேச்சு. அக்காவுக்கு அது உடம்பில் நடந்தது.

"அதே நாயி எங்க தெருவுல இன்னொரு பையனையும் கடிச்சிருச்சு. அவங்க வீட்டுல மந்திரிச்சாங்க. ரெண்டு மாசம் கழிச்சு..." அதற்கு மேல் அக்கா சொல்லவில்லை. கால்குலேட்டரை மூடி வைத்தார். "தண்ணி செம்பைப் பாத்தா அவன் போட்ட சத்தம் எங்க வீடு வரைக்கும் கேக்கும்."

நான் எழுந்துவிட்டேன். வேண்டாம் அக்கா, விடுங்கள், வேறு ஏற்பாடு பார்க்கிறேன் என்றேன். உண்மையாகவே அப்படித்தான் தோன்றியது. அவர்தான் உட்காரச் சொன்னார்.

"வேணாம்னு நான் சொல்லலியே. அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியணும். அவ்வளவுதான். தெரியாம வந்து கால்கிட்ட நின்னுச்சுன்னா எனக்கு உசுரே போயிடும். கழுத்துல மணி கட்டு. நான் எந்திரிச்சு நடந்தா நீ அதைக் கையில புடிச்சிக்க. ஊசி போட்ட அட்டைய எங்கிட்ட ஒரு ஜெராக்ஸ் குடு."

மணி அவர் யோசனை. அந்த நாய் சத்தமில்லாமல் வந்தது என்று முதலில் சொன்னாரே, அதன் அர்த்தம் வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு முழுதாக உறைத்தது.

அட்டையைக் கொடுத்தேன். மூன்று மாதத்தில் போட்ட முதல் வெறிநோய்த் தடுப்பூசி, வருஷா வருஷம் போட்டது, வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் செய்த கருத்தடை, மாநகராட்சி உரிமம் எல்லாம் சேர்த்து. அக்கா அதை ஜிஎஸ்டி கோப்பு பக்கத்திலேயே தனிக் கோப்பாகப் போட்டு, அடுத்த ஊசித் தேதியைத் தினசரி காலண்டரில் சிவப்பு மையில் குறித்துக்கொண்டார். ஒரு மாதம் முன்னாலேயே எனக்கு ஞாபகப்படுத்துவார். ஒரு நாள்கூடத் தள்ளிப்போக விட்டதில்லை.

புரூஃப் பார்ப்பவர் காயல்பட்டினத்துக்காரர். அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள், நாங்களும் அவரை அப்படியே கூப்பிடுவோம். லுஹர் என்ற மத்தியானத் தொழுகையை ஆபீசிலேயே, காகிதக் கட்டு வைத்திருக்கும் அறைப் பக்கம் பாய் விரித்துத் தொழுவார். அவர் மறுத்தால் எப்படி ஏற்பது என்று என்னைத் தயார்செய்துகொண்டு போனேன். "நாய் மேல வெறுப்பெல்லாம் இல்லம்மா" என்றார். "தாகத்துல கெடந்த நாய்க்குக் கெணத்துல எறங்கித் தண்ணி மொண்டு குடுத்தவனோட பாவம் மன்னிக்கப்பட்டதா ஹதீஸ்லயே இருக்கு. ஆனா எங்க மத்ஹப்ல, அதாவது நாங்க பின்பற்றுற சட்ட வழியில, அதோட எச்சி பட்டா ஏழு தடவ கழுவணும், அதுல ஒரு தடவ மண்ணு போட்டு. நான் தொழுற பக்கமும் தொழுறதுக்கு முன்னால கை கால் கழுவி ஒளு எடுக்குற குழாய்ப் பக்கமும் அது வராம பாத்துக்க." எதிர்ப் பக்கம், ஜன்னல் ஓரம் என் மேஜை. அதோடு அவள் எல்லை முடிகிறது. தண்ணீர்க் கிண்ணமும் அங்கேயேதான். இன்றுவரை அந்தக் கோட்டை அவள் தாண்டவில்லை, நான் தாண்ட விடவில்லை.

டிசைன் பார்க்கும் தம்பிக்குச் சின்ன வயதில் வீசிங் இருந்தது. முடி கொட்டாத நாய் என்றால் ஒவ்வாமை வராது என்று ஒரு நம்பிக்கை உண்டு, அது சரியில்லை. ஒவ்வாமை தரும் புரதம் எச்சிலிலும் தோல் பொடுகிலும் இருக்கிறது, சட்டையில் ஒட்டிக்கொண்டே வரும். ஏசி ஓடும் மூடிய அறையில் கேட்கவே வேண்டாம். இரண்டு வாரம் சோதித்துப் பார்த்தோம், தம்பிக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் ஏசி பில்டரை மாதம் இரண்டு தடவை கழற்றிக் கழுவுகிறேன். புதிதாக யார் சேர்ந்தாலும் முதலாளி தனியாகக் கூப்பிட்டுக் கேட்டுவிடுவார். மறுத்தது யார் என்று வெளியே வராது. "ஐயோ, நாய் பிடிக்காதா உங்களுக்கு?" என்று கேட்கிற கேள்வி இருக்கிறதே, அது ஒரு மிரட்டல். பயப்படுகிறவர் பாதிப் பேர் அந்தக் கேள்விக்குப் பயந்தே தலையாட்டிவிடுவார்கள்.

எல்லாரையும் கேட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரம் சாயங்காலம் பெருக்கித் துடைக்கும் அம்மா மாப்பைத் தூக்கி என் முன்னால் காட்டினார். ஈரத் திரிகளில் பழுப்பு முடி பந்து பந்தாகச் சுற்றியிருந்தது. "இத ஒவ்வொண்ணா கையால பிக்கிறேன் பாப்பா. ரெண்டு வாட்டி அலசுறேன். அடுத்த ஆபீசுக்கு லேட்டாவுது. எங்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

அவர் எங்கள் சம்பளப் பட்டியலில் இல்லை, ஒப்பந்தக்காரர் மூலம் வருகிறவர். 11 பேரை எண்ணியபோது அவர் என் எண்ணிக்கையில் வரவே இல்லை. மற்ற எல்லாருக்கும் நாயைப் பார்க்கிற வேலைதான். கையால் தொட்டு வேலை செய்ய வேண்டியவர் அவர் ஒருவர். அந்த ஹவுஸ்கீப்பிங் பையனையும் இப்படித்தான் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். முடியைச் சேர்க்க அவரே வழி சொன்னார்: ரப்பர் கையுறையை லேசாக நனைத்துத் தரையில் ஒரு திசையில் இழுத்தால் முடி தானாகக் கயிறாகத் திரண்டு வரும். இப்போது ஐந்தே முக்காலுக்கு நான் குந்தி உட்கார்ந்து என் பக்கம் முழுதும் இழுத்து எடுத்துவிடுவேன். அவர் வரும்போது தரை சுத்தமாக இருக்கும்.

இன்னொரு ஆளையும் கேட்க வேண்டியிருந்தது. முதலில் வாரம் நாலு நாள் முறுக்கைக் கூட்டி வந்தேன். மேஜைக்குக் கீழே சாக்கில் சமத்தாகப் படுத்திருப்பாள். எல்லாரும் "எவ்வளவு அமைதி" என்பார்கள். எனக்கும் பெருமைதான். ஆனால் பெரிய பிரின்டர் ஓடத் தொடங்கும்போதெல்லாம் அவள் கொட்டாவி விடுவதைக் கவனித்தேன். தூக்கம் இல்லை, கண் நன்றாக விழித்திருக்கும். உதட்டை நக்கிக்கொள்வாள். காது படிந்திருக்கும். வாலின் முறுக்கு அவிழ்ந்து தொங்கும். நாய் சங்கடப்படும்போது செய்கிற காரியங்கள் இவை. அந்த மேடைக்குக் கீழே இருந்த லாப்ரடாரும் இழுக்கப்படுவதற்கு முன் கொட்டாவி விட்டிருக்கும், யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

இரண்டு நாளாகக் குறைத்தேன். பெரிய பிரின்ட் போடும் வேலைகளைத் திங்கள், புதனில் வைத்துக்கொண்டோம். மற்ற நாட்களில் கீழ் வீட்டுக்காரர் மகள் கல்லூரி விட்டு மூன்று மணிக்கு வந்து கூட இருக்கிறாள். மத்தியானம் ஒன்றரைக்குக் கீழே கூட்டிப்போகும்போது முதலில் புறங்கையைத் தார் ரோட்டில் வைத்துப் பார்ப்பேன். ஐந்து எண்ணுவதற்குள் சுட்டால் அவளைத் தூக்கிக்கொண்டு எதிர் வேப்பமர நிழலுக்குப் போய் இறக்குவேன். 16 கிலோ. ஏப்ரல், மே முழுவதும் தூக்கல்தான்.

2025 ஆகஸ்டிலும் நவம்பரிலும் தெருநாய்கள் பற்றி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டபோது டீக்கடையிலிருந்து எங்கள் சாப்பாட்டு மேஜை வரை அதே பேச்சு. பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம் எங்கும் நாய் இருக்கக் கூடாது என்ற உத்தரவை அக்கா முழு மனசோடு ஆதரித்தார். நாய்களைப் பிடித்துக் கருத்தடையும் ஊசியும் போட்டு அதே தெருவில் விடுவதுதான் வழி என்று நான் சொன்னேன். 1964-இலேயே சென்னையில் விலங்கு நல அமைப்பான புளூ கிராஸ்காரர்கள் தொடங்கிய முறை அது, மாநகராட்சி ஏற்றுக்கொள்ள 1996 ஆனது, ஒழுங்காகத் தொடர்ந்து செய்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது என்றேன். "அந்தப் பையன் கதைய உங்கிட்ட சொல்லியிருக்கேன்ல" என்றார் அக்கா. நான் பதில் பேசவில்லை. அன்று வெள்ளிக்கிழமை. முறுக்கு என் காலடியில்தான் படுத்திருந்தாள். அக்கா கை கழுவ எழுந்தபோது வழக்கம்போலப் பட்டையைக் கையில் பிடித்துக்கொண்டேன். அவர் போய் வந்து உட்காரும் வரை விடவில்லை.

பத்து மாதம் ஆகிறது. அக்காவுக்குப் பயம் போகவில்லை. ஒரு தடவைகூட அவளைத் தொட்டதில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. வெளியிலிருந்து வருகிறவர்கள் "பழகினா சரியாயிடும்க்கா" என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். பழக வேண்டும் என்று அவருக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. நாற்பது வருஷமாக அவர் உடம்பு காத்துவரும் எச்சரிக்கை அது. அதை மதித்து நடந்துகொள்ள வேண்டியது என் வேலை.

போன மாதம் மணியின் நாக்கு எங்கோ கழன்று விழுந்துவிட்டது. படி ஏறும்போதே சத்தம் வராததைக் கவனித்துவிட்டேன். அன்று முழுதும் முறுக்கை என் நாற்காலிக் காலிலேயே கட்டிவைத்தேன். நான் எழுந்தபோதெல்லாம் அவளையும் கூடவே கூட்டிப்போனேன். சாயங்காலம் புதுமணி வாங்கலாம் என்றிருந்தேன், மழை பிடித்துக்கொண்டது.

அடுத்த செவ்வாய் நான் கொஞ்சம் தாமதம். உள்ளே போனால் என் கீபோர்டு மேல் ஒரு சின்னப் பொட்டலம், தினத்தாளில் மடித்தது. பிரித்தேன். பித்தளை மணி, நெல்லிக்காய் அளவு, கனமானது. அக்கா தன் மேஜையில் ரசீதுகளை அடுக்கிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"ரங்கநாதன் தெருவுல வாங்கினேன். பழசவிட சத்தம் ஜாஸ்தி. குலுக்கிப் பாத்துட்டுத்தான் எடுத்தேன்" என்றார்.

மாட்டினேன். முறுக்கு தலையை ஒரு தடவை உதறினாள். அக்கா ரசீது அடுக்குவதை நிறுத்தி, சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காது கொடுத்துக் கேட்டார். அப்புறம் வேலையைத் தொடர்ந்தார்.